‘இருப்பாங்க’ என்பது எந்தக் காலம்?

கார் நிக்கோபார் தீவில் மளிகைக்கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவரிடம் பழைய ஊரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், “சுனாமிக்கு முன்னாடி எல்லாரும் கடலோரத்துலதான் இருப்பாங்க” என்பார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு குடியிருப்புகள் கரையிலிருந்து உள்ளே தள்ளிப் போய்விட்டன. அவர் சொல்வது முடிந்துபோன வாழ்க்கை. வினை மட்டும் எதிர்காலத்தில் நிற்கிறது. தமிழ்க் காதுக்கு இதில் நெருடலே இல்லை. அவர் மகன் இதையே பள்ளிக் கட்டுரையில் ‘பிபோர் சுனாமி ஆல் பீப்பிள் வில் லிவ் நியர் த சீ’ என்று எழுதினால், ஓரத்தில் சிவப்பு மையில் ‘டென்ஸ்’ என்று விழும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பது பையனுக்குத் தெரியாமல் இல்லை. தமிழ் எதிர்காலம் செய்கிற ஒரு வேலையை ஆங்கில ‘வில்’ செய்யாது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நம் இலக்கண வகுப்புகள் வழக்கமாக எண்ணிக்கையில் தொடங்கும். தமிழுக்கு மூன்று காலம், ஆங்கிலத்துக்குப் பன்னிரண்டு. கட்டம் போட்ட அட்டவணை, மனப்பாடம். இந்தக் கணக்கே பிழை என்பேன். வினைச்சொல்லின் உருவத்தை மட்டும் பார்த்தால் ஆங்கிலத்துக்கு இரண்டே காலம்தான்: ‘கோ’, ‘வெண்ட்’. மற்றதெல்லாம் துணைவினைகளை முன்னால் வைத்துக் கட்டியது. எதிர்காலம் காட்டும் ‘வில்’கூட ஆதியில் விருப்பத்தைச் சொன்ன வினை. தமிழின் பழைய நிலையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. தொல்காப்பியம் காலம் மூன்று என்றாலும், சங்கப் பாடல்களில் நிகழ்காலத்துக்கென்று தனி இடைநிலை மிக அரிது. நடந்தது ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம். கிறு, கின்று, ஆநின்று என்று நன்னூல் வரிசைப்படுத்தும் நிகழ்கால இடைநிலைகள் பிற்பாடு பெருகியவை. ஆக இரு மொழிகளும் ‘நடந்தது, நடக்காதது’ என்ற ஒரே பிளவிலிருந்துதான் கிளம்பின. நடக்காத பாதியை யார் எப்படிப் பங்கு போட்டார்கள் என்பதில்தான் வழி பிரிகிறது.

தமிழில் அந்தப் பாதியின் பழைய சொத்து நம் எதிர்கால வினையிடமே தங்கிவிட்டது. அதனால்தான் அது வழக்கத்தையும் சுமக்கிறது. ‘கிழக்கே சூரியன் உதிக்கும்’, ‘தாத்தா விடியற்காலையில் எழுந்திருப்பார்’. தாத்தா உயிரோடு இருக்கிறாரா என்பதை அந்த வினை சொல்லாது, சூழல்தான் சொல்லும். ஆங்கிலம் வழக்கத்தைப் பிரித்துவைத்திருக்கிறது. இன்றும் தொடர்ந்தால் வெறும் நிகழ்காலம், நின்றுபோயிருந்தால் ‘யூஸ்ட் டு’. கடைக்காரர் மகனுக்கு வேண்டியது இந்த ‘யூஸ்ட் டு’தான். எட்டாம் வகுப்புவரை அவன் படித்த பன்னிரண்டு கட்டங்களில் அதற்கு இடமே கிடையாது.

நிகழ்காலத்தில் சிக்கல் வேறு மாதிரி. ‘போகிறேன்’ என்ற ஒரே சொல் நமக்கு இந்த நிமிஷத்துக்கும் போதும், தினசரிக்கும் போதும், நாளைக்கும் போதும். ‘எனக்கு ரெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்பதில் அந்தக் ‘கிற்’ பளிச்சென்று தெரிவதால் ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ பிறக்கிறது. கார் நிக்கோபார் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கைவிளக்கு உண்டு. தீவின் பொதுமொழி இந்தி. அதில் தினமும் போவது ‘ஜாதா ஹூம்’, இப்போது போய்க்கொண்டிருப்பது ‘ஜா ரஹா ஹூம்’. விளையாட்டுத் திடலிலேயே படித்துவிடுகிற வேறுபாடு. ஆங்கில வகுப்பில் அதை எடுத்துக்காட்டாதது வீண். ‘ஹேவிங்’ நோயை இந்தியும் தீர்க்காது என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் வளமான இடம் ‘வந்திருக்கிறது’. தீவின் மூஸ் ஜெட்டிப் பக்கம் வெங்காய மூட்டைகள் அடுக்கியிருப்பதைப் பார்க்கும் ஒருவர், “நேத்து கப்பல் வந்திருக்கு” என்கிறார். கப்பலை அவர் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்தார், ஊகித்தார். நம் ‘இருக்கிறது’ சான்றைப் பேசுகிறது; கூடவே நேற்று, போன வாரம், எந்தத் தேதியானாலும் ஏற்றுக்கொள்ளும். ஆங்கிலத்தின் ‘ஹாஸ் கம்’ பார்வைக்கு அதன் இரட்டைப்பிள்ளை. ஆனால் தேதியைக் கண்டால் ஓடிவிடும். ‘த ஷிப் ஹாஸ் கம்’ என்றால் கப்பல் இப்போது நிற்கிறது, போய் ஏறலாம். ‘எஸ்டர்டே’ என்று ஒரு சொல் சேர்த்தவுடன் ‘கேம்’ ஆகவேண்டும். ஊகத்தைச் சொல்ல ‘மஸ்ட் ஹாவ் கம்’ என்று தனிக்கட்டு. ‘ஐ ஹாவ் கான் தேர் லாஸ்ட் இயர்’ என்ற நம்மூர் வாக்கியம் ‘போன வருஷம் போயிருக்கேன்’ என்பதன் சொல்லுக்குச் சொல் நிழல். பன்னிரண்டு கட்டமும் ஒப்பிப்பவர்கள்கூட இங்கேதான் வழுக்குவார்கள். தேதி இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தத் தீவில் தமிழர் ஆசிரியராக நின்றது நேற்றைய கதை அல்ல. 1890களில் மறைப்பணியாளராக வந்த வேதப்பன் சாலமோன் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தினார். அவரிடம் படித்த ஜான் ரிச்சர்ட்சன் பர்மாவில் மேற்கொண்டு படித்துத் திரும்பி, 1952இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினரானார். 1966இல் அந்தமான் நிக்கோபார் திருமண்டலத்தின் முதல் பேராயர். பிள்ளைகளின் தாய்மொழியான நிக்கோபாரி ஆஸ்திரோஆசிய மொழி, வினை வாக்கியத்தின் முகப்பிலேயே வந்துவிடும். ஆசிரியரின் மொழியில் வினை கடைசியில், ஆங்கிலத்தில் நடுவில். அந்த வகுப்பில் காலம் பற்றிய விளக்கம் ரகளையாகத்தான் இருந்திருக்கும். இது மூட்டையைப் பார்த்துக் கப்பலை ஊகிக்கிற ‘இருந்திருக்கும்’தான்.

இரண்டு மொழிகளும் ஒத்துப்போகிற இடங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ‘மழை வரப்போகிறது’ என்று நாமும் ‘கோயிங் டு’ என்று அவர்களும் போகிற வினையைக் கொண்டே வருவதைச் சொல்கிறோம். நிபந்தனை இன்னொன்று. ‘கப்பல் வந்தால் போவோம்’ என்பதில் ‘வந்தால்’ தோற்றத்தில் ‘வந்தான்’ போலவே இறந்தகால அடியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிகழ்காலம்: ‘இஃப் த ஷிப் கம்ஸ், வீ வில் கோ’. எதிர்கால வினையை ‘இஃப்’ பக்கம் இரண்டுமே அண்டவிடுவதில்லை. ‘இஃப் த ஷிப் வில் கம்’ என்று எழுதுகிறவன் தமிழில் யோசித்தவன் அல்ல. நாளைய காரியம் என்றால் ‘வில்’ போடு என்று கட்டத்தைப் பார்த்துப் படித்தவன்.