பசுமைச் சரக்குப் போக்குவரத்து: பாலாற்றுத் தோல் வட்டாரம்

பசுமைச் சரக்குப் போக்குவரத்து என்பது எரிபொருள், புகை, கழிவு ஆகியவற்றைக் குறைத்துச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் முறை. தோல் பதனிடும் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் சரக்குப் போக்குவரத்தின் மாசுச் சிக்கல் புகையைவிட உப்பில்தான் தொடங்குகிறது. வெளியூர்களிலிருந்து லாரியில் வரும் பச்சைத் தோல் வழியில் அழுகாதிருக்க, அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு இடப்படுவது வழக்கம். தோலை ஊறவைக்கும்போது அவ்வுப்பு கழிவுநீரில் கரைகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் அது நீங்காது. தோல் ஆலைக் கழிவால் நேர்ந்த பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த பிறகும் உப்பே தீராத தலைவலி. சவ்வூடு பிரித்தலும் ஆவியாக்கலும் மின்சாரத்தை விழுங்கி, இறுதியில் உப்புக் குவியலையே மிச்சம் வைக்கின்றன.

தோலைக் குளிரூட்டிய வண்டியில் விரைந்து கொண்டுவந்தால் உப்பின் தேவை பெரிதும் குறையும். ஆனால், இறைச்சிக் கூடங்கள் சிதறிக் கிடப்பதால் தோலைத் திரட்டுவது கடினம்; குளிரூட்டலுக்கு டீசலும் கூடுதலாகச் செலவாகும். எனவே, ஊறவைக்குமுன் உப்பை உதறியெடுப்பதே மலிவான வழி.

இவ்வட்டாரத்துக் காலணி ஏற்றுமதியில் நிலைமை வேறு; அங்கே சிக்கல் புகைதான். மின்மயமான சென்னை–ஜோலார்பேட்டை ரயில்பாதை குடியாத்தம் வழியே சென்றாலும், சென்னைத் துறைமுகம் வெகுதொலைவில் இல்லாததால் லாரியே வசதி. 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பாரத் ஸ்டேஜ்-6 (பிஎஸ்-6) விதி புதிய லாரிகளின் புகையைக் கட்டுப்படுத்துகிறது.