பதனிடுதல்

பதனிடுதல்: அழுகும் இயல்புள்ள பச்சைத் தோலைக் கெடாத தோலாக மாற்றும் தொழில். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டிய ஊர்கள் இத்தொழிலால் பெயர் பெற்றவை.

சொற்பொருள்

பதன் + இடு என்று பிரியும். அறம் அறன் ஆவதுபோலப் பதம் பதன் ஆயிற்று. சொல், அடி என்னும் பொருளுடைய வடமொழிப் பதம் வேறு. சங்கப் பாடல்களில் பதம் உணவையும் ஏற்ற காலத்தையும் குறித்தது. பிறகு பாகின் பதம், சோற்றுப் பதம், உழவுக்கேற்ற மண்ணின் பதம் எனப் பக்குவ நிலைக்கெல்லாம் பெயராயிற்று. மாற்றம் உரிய இடத்தில் நிற்பதே பதம். சற்றே தாண்டினால் பாகு முறுகும், சோறு குழையும். பதநீர் இதற்கு நல்ல சான்று: கலயத்தில் தடவிய சுண்ணாம்பு, பனஞ்சாறு புளித்துக் கள்ளாவதைத் தடுக்கிறது.

தொழில்முறை

தோலிலும் சுண்ணாம்புக்கு இடமுண்டு, வேலைதான் வேறு. உப்பிட்டு வந்த தோலை நீரில் ஊறவைத்துச் சுண்ணாம்புத் தொட்டியில் இட்டால் மயிர் கழலும். ஒட்டிய சதையைச் சீவியபின், பழைய முறையில் ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறும். அவற்றின் துவர்ப்பொருள் தோலின் புரத இழைகளைப் பிணைத்து அழுகலை நிறுத்துகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் புகுத்தினார். குரோமிய உப்பு அதே பிணைப்பை ஏறத்தாழ ஒரு நாளில் முடிக்கும். வெளிர்நீலமாகும் அத்தோலை வணிகர்கள் 'வெட் புளூ' என்பர்.

பாலாற்றுப் பகுதி

1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1970களில் நடுவண் அரசு பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆலைகள் முழுமையாக முடித்த தோலுக்கும் காலணிக்கும் திரும்பின. குரோம் முறையும் பெருகியது. தோல் அழுகாதிருக்க இட்ட உப்பு கழிவுநீரோடு கிணறுகளில் இறங்கியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக ஆய்வொன்று கணக்கிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாக ஏற்று, ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

இன்றைய வழக்கு

அரசாணையிலும் செய்தித்தாளிலும் 'தோல் பதனிடும் தொழிற்சாலை', ஊர்ப்பேச்சில் 'டேனரி'. பதம் என்னும் சொல்லோ அடுப்படியிலும் வயலிலும் இன்றும் புழங்குகிறது.