பச்சையானால் மின்சாரம் ஓடும்

1862-இல் லண்டனில் வேதியியலாளர் ஹென்றி லெதபி தேடியது புதுப் பொருளை அல்ல, நஞ்சை. நைட்ரோபென்சீன் நஞ்சேறி இறந்தவர்களின் உடலில் அது அனிலினாக மாறுகிறது என்று கண்டிருந்தார். அந்த அனிலினைக் கந்தக அமிலத்தில் கரைத்து மின்சாரம் செலுத்தியபோது, பிளாட்டினத் தகட்டில் நீலமாக ஏதோ படிந்தது. இன்று பாலிஅனிலின் என்கிறோமே, மின்சாரத்தால் அது பிறந்தது அப்படித்தான்.

பெயரிலேயே நீலம் இருக்கிறது. வடமொழி நீலம் அரபி வழியாகப் போர்த்துக்கீசியத்தில் 'அனில்' ஆனது. 1840-இல் வேதியியலாளர் பிரிட்சே அவுரி நீலத்திலிருந்து ஒரு எண்ணெயை வடித்தெடுத்து, அதற்கு அனிலின் என்று பெயர் வைத்தார்.

பிறந்த பிள்ளை நெடுங்காலம் பருத்தித் துணிக்குக் கறுப்புச் சாயமாகவே உழைத்தது. 1910-இல் கிரீனும் உட்ஹெட்டும் அதன் நிறப் படிகளை வகைப்படுத்தினார்கள். பச்சைப் படிக்கு மரகதத்தை நினைவூட்டும் 'எமரால்டின்' என்ற பெயர். 1960-களில் பாரிஸில் புவே, யோசெபோவிச் குழுவினர் அது மின்சாரம் கடத்துவதை அளந்து எழுதினார்கள். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1977-இல் ஷிரகாவா, மெக்டயார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலீன் என்ற வேறொரு பாலிமரை அயோடின் ஆவியில் காட்டி உலோகம்போலக் கடத்தவைத்த பிறகுதான் கண் திறந்தது. ஆனால் பாலிஅசெட்டிலீன் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அதனால் 1980-களில் மெக்டயார்மிட் பழைய சாயத்திடம் வந்தார்.

எமரால்டின் பூசிய கண்ணாடித் துண்டு ஒன்றை அம்மோனியா புட்டியின் வாய்க்கு மேலே பிடியுங்கள். பச்சை நீலமாகும்; மின்சாரம் நின்றுபோகும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கினால் மறுபடி பச்சை. கடத்தும் திறன் ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு ஏறும். பாலிமர் சங்கிலியில் ஒரு எலெக்ட்ரான்கூடக் கூடவில்லை, குறையவில்லை. நைட்ரஜன் அணுக்கள் அமிலத்தின் புரோட்டானைப் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். அதனால் எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் இடம் மாறுகின்றன. விழுங்கும் ஒளியும் மாறுகிறது, மின்னூட்டம் நகரவும் வழி பிறக்கிறது. நிறத்தைப் பார்த்தே கடத்துமா, கடத்தாதா என்று சொல்லிவிடலாம். இதைவிட அழகான வேதியியல் எனக்குத் தெரியாது.

எந்த அமிலம், எவ்வளவு அமிலம் என்பதைக் கொண்டு கடத்தும் திறனையும் கூட்டிக் குறைக்கலாம். 1992-இல் ஹீகர் குழுவினர் சூடத்திலிருந்து செய்த ஒரு அமிலத்தைச் சேர்த்தபோது, எதிலும் எளிதில் கரையாத பச்சைப் பொருள் கரைந்து, மெல்லிய படலமாக வார்க்க வந்தது.

மூவருக்கும் 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது, தகுதியான பரிசுதான். ஆனால் நம் பாடநூல்கள் கதையை 1977-இல் தொடங்க வேண்டாம். லெதபியின் நீலத் தகட்டுக்கும் பாரிஸின் அளவீடுகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.