கருப்பனின் பத்தியம்

1

பொங்கல் முடிந்த நாலாம் நாள் ராத்திரி, பெங்களூரில் ஒரு ரிலீஸ் வேலையில் உட்கார்ந்திருந்தபோது அரியக்குடியிலிருந்து அப்பத்தா போன் செய்தாள். அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவள்.

“கருப்பன் ரெண்டு நாளா ஒண்ணும் திங்கலய்யா. மஞ்ச மஞ்சளா கக்குறான். முன்னங்கால நீட்டிக்கிட்டு பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டே நிக்கிறான், சாமி கும்புடுற மாதிரி.”

கருப்பன் எங்கள் வீட்டு நாய். சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு திண்ணைக்கு ஏறி வந்த குட்டி. தாத்தா போனபிறகு அந்த வீட்டில் இருப்பது அப்பத்தாவும் அவனும்தான்.

மறுநாள் ஊருக்குப் போய், அவனைத் தூக்கிக்கொண்டு காரைக்குடியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனேன். வயிற்றில் கை வைத்ததுமே முனகினான். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கணைய அழற்சி. “என்னம்மா குடுத்தீங்க?” என்று டாக்டர் கேட்டதற்கு அப்பத்தா கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னாள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எடுத்த ஆட்டுக்கறி. கறியிலிருந்து அரிந்த கொழுப்பு முழுக்க அவனுக்குத்தான். குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. இதுபோக தினமும் ராத்திரி நெய்ச்சோறு.

“வேற காரணமும் இருக்கலாம். ஆனா இனிமே லோ ஃபேட் டயட்தான். நெய், எண்ணெய், ஆட்டுக்கறி எதுவும் கூடாது” என்றார் டாக்டர்.

நாலு நாள் ஊசியும் டிரிப்ஸும் ஏற்றி ஆள் எழுந்துவிட்டான். அவன் எழுந்தபிறகுதான் வீட்டில் சண்டை தொடங்கியது. “நாய்க்கு என்னய்யா டயட்டு? வீட்ல மிஞ்சுனதத் திங்கிறதுதான நாயி? அதுவும் இவனுக்கு நான் மிஞ்சுனதையா போடுறேன்? எனக்கு விட்டுக்காத நெய்யில்ல அது!”

என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாய்க்குத் தனிச் சாப்பாடு என்ற ஒன்று எப்போது வந்தது? அதிலும் பத்தியச் சாப்பாடு? மென்பொருள் வேலையில் ஒரு பிழை வந்தால் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்ப்போம். அதே பழக்கத்தில் இதையும் தேடிப் போனேன்.

2

அப்பத்தா சொன்னதில் பாதி சரி. நாய் என்ற உயிரே நம் மிச்சத்தில் உருவானதுதான்.

2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் அக்செல்சன் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைக் கணையத்தில் சுரக்க வைக்கும் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள்தான். நாய்களுக்கோ 4 முதல் 30 வரை. மனிதன் விதைத்து அறுக்கத் தொடங்கியபின், அவன் குப்பைமேட்டில் கிடந்த சோற்றையும் கூழையும் செரிக்க முடிந்த நாய்கள் பிழைத்துப் பெருகியிருக்கின்றன. விவசாயம் எட்டாத இடத்தில் வாழ்ந்த ஆஸ்திரேலிய டிங்கோவுக்கு இன்றும் ஓநாயைப் போல 2 பிரதிகள்தான்.

நம் கரிசல் காட்டு வேட்டை நாய்கள் கம்பங்கூழையும் சோளக்கூழையும் குடித்துவிட்டு முயல் பிடித்த கதையை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த ஆய்வைப் படித்தபோது அதன் அறிவியல் புரிந்தது. சோறு தின்ன நாய் பழகிக்கொண்டது நாக்கில் அல்ல, கணையத்தில். இன்றைக்குக் கருப்பனுக்கு வீங்கியிருந்த அதே உறுப்பில்.

மிச்சம் தின்றது என்பதற்காக நாயை நாம் மிச்சமாக நினைக்கவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டுக் கல். தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. கல்லில் அவனருகே ஒரு நாயும் நிற்கிறது. திருடர்களைக் கடித்து, அந்த இடத்தைவிட்டு அகலாமல் காத்து நின்ற அந்த நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன்.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும். அது என்ன தின்றது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவை இருந்திருக்காது. எஜமான் தின்றதைத்தான் தின்றிருக்கும்.

3

நாய்க்கென்று கடையில் விற்கும் தீனி வந்தது மிகவும் பிந்தித்தான். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், இடிதாங்கி விற்பவர், 1860 வாக்கில் வியாபாரத்துக்காக லண்டன் போனார். கப்பல் மாலுமிகள் தின்றதுபோக வீசிய கல் போன்ற பிஸ்கட்டுகளைத் துறைமுக நாய்கள் சண்டை போட்டுத் தின்பதைப் பார்த்தார். இதை நாய்க்கென்றே செய்து விற்றால் என்ன என்று தோன்றியிருக்கிறது. கோதுமை மாவு, பீட்ரூட், காய்கறி, மாட்டிறைச்சி சேர்த்து பிஸ்கட் தட்டினார். இடிதாங்கியை விட அது நன்றாக விற்றது. அந்தக் கம்பெனியில் இளைஞராக வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் க்ரஃப்ட்தான் 1891இல், இன்று உலகப் புகழ் பெற்ற க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். நாய்த்தீனியும் நாய் அந்தஸ்தும் ஒரே கடையில் பிறந்தவை என்று சொல்லலாம்.

அதன்பின் டின் வந்தது. அமெரிக்காவில் முதல் உலகப்போருக்குப் பிறகு, உபரியான குதிரைகளின் இறைச்சி டின்னில் அடைபட்டு நாய்க்குப் போனது. இரண்டாம் உலகப்போரில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் நிறுவனங்கள் மறுபடியும் உலர்தீனிக்குத் திரும்பின. 1957இல் பூரினா நிறுவனம், காலை உணவுத் தானியம் செய்யும் இயந்திரத்தையே பயன்படுத்தி, மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கிப் பொரித்தெடுத்த உருண்டைகளை விற்றது. இன்று நாம் பாக்கெட்டில் வாங்குவது பெரும்பாலும் இந்த வகைதான். இதில் ஒரு சங்கதி உண்டு. இப்படிப் பொரிந்த வெறும் உருண்டையை நாய் அவ்வளவு ஆசையாகத் தின்னாது. அதனால் கடைசியில் அதன்மேல் கொழுப்பைத் தெளிப்பார்கள். சோற்றில் அப்பத்தா நெய் விடுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

4

சரி, கொழுப்புக்கும் கணையத்துக்கும் என்ன சம்பந்தம்? இதைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் க்ளோத் பெர்னார்ட். 1840களில் முயல்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கணையநீர் குடலில் வந்து சேரும் இடத்துக்குக் கீழேதான் கொழுப்பு பால்போல வெளுத்து உறிஞ்சப்படுகிறது என்று கவனித்தார். பிறகு நாய்களில் சோதித்து உறுதி செய்தார். கொழுப்பைப் பிரிப்பது கணையத்தின் சாறு. அதனால்தான் கணையம் புண்பட்டிருக்கும்போது கொழுப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். புண்பட்ட கணையத்தில் அந்தச் சாறு குடலுக்குப் போவதற்கு முன்பே விழித்துக்கொண்டு, தன்னைச் சுரந்த உறுப்பையே செரிக்கத் தொடங்குகிறது. கருப்பன் ‘சாமி கும்பிட்டது’ அந்த வலியில்தான்.

பெர்னார்டின் ஆய்வுகளைச் சகிக்க முடியாத அவர் மனைவி பிற்காலத்தில் அவரைவிட்டுப் பிரிந்தார். உயிருள்ள விலங்குகளை அறுப்பதற்கு எதிராகப் பேசினார். ஒரே வீட்டுக்குள் நடந்த இந்த வழக்கில் எனக்கு இன்னும் தீர்ப்பு சொல்லத் தெரியவில்லை.

1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மிங்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். அந்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. கணையத்துக்கும் சர்க்கரைக்குமான தொடர்பு அப்படித்தான் தெரிந்தது. 1921இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டெடுத்ததும் நாய்களிடம்தான். அப்பத்தா தினமும் காலையில் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசியின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

ரஷ்யாவில் பாவ்லோவ். மணியடித்தால் எச்சில் ஊறும் நாய் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். ஆனால் 1904இல் அவர் நோபல் பரிசு வாங்கியது செரிமான ஆய்வுக்கு. விழுங்கியது வயிற்றுக்குப் போகாமல் கழுத்து வழியே வெளியே விழும்படி நாய்களுக்கு அறுவை செய்திருந்தார். நாய் தின்றுகொண்டே இருக்கும், ஆனால் எதுவும் உள்ளே போகாது. தின்கிற நினைப்பிலேயே இரைப்பை சாறு சுரக்கும். அந்தச் சாற்றைக் குழாய் வைத்து எடுத்து, சுத்தம் செய்து, அஜீரணக்கார மனிதர்களுக்கு மருந்தாக விற்றார்கள். அதில் வந்த பணம் ஆய்வகத்துக்கு உதவியது. நம்முடைய செரிக்காத வயிற்றுக்கு நாயின் பசியை விலைக்கு வாங்கியிருக்கிறோம்.

1935இல் பீட்டர்ஸ்பர்க்கில் (அன்றைய லெனின்கிராடில்) அந்த நிறுவன வளாகத்திலேயே நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். எடத்தனூர்க் கல்லில் நாயின் பெயர் இருக்கிறது. இதில் நிற்பதோ பெயரில்லாத ஒரு பொது நாய்.

5

அந்தக் கடனில் கொஞ்சமாவது திரும்பி வந்தது ஒரு சமையலறை வழியாக. மாரிஸ் ஃப்ராங்க் என்பவர் அமெரிக்காவில் வழிகாட்டி நாயோடு நடந்த முதல் பார்வையற்றவர்களில் ஒருவர். அவருடைய நாய்களுக்கெல்லாம் பட்டி என்றுதான் பெயர். 1930களின் கடைசியில் அவருடைய பட்டிக்குச் சிறுநீரகம் பழுதானது. நியூ ஜெர்சியில் கால்நடை மருத்துவரான மார்க் மாரிஸ், இது மருந்தைவிடச் சாப்பாட்டால் சரியாக வேண்டிய விஷயம் என்று நினைத்து, புரதத்தையும் உப்பையும் குறைத்து, தன் வீட்டிலேயே தனிச் சாப்பாடு தயாரித்தார். பட்டி தேறியது. ஃப்ராங்க் ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து அனுப்பினார்கள். வழியில் ஜாடிகள் உடைந்தன. பிறகு டின்னில் அடைக்கத் தொடங்கினார்கள். 1948இல் கான்சாஸ் மாநிலத்தில் ஹில் பேக்கிங் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார் மாரிஸ். நோய்க்கு ஒரு தீனி என்று இன்று கால்நடை மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் டின்களும் பாக்கெட்டுகளும் அந்த வழியில் வந்தவை. வயிற்றுக்கும் கணையத்துக்குமான குறைகொழுப்புத் தீனியும் அப்படி வந்ததுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் செய்த முதல் காரியம், டாக்டர் சொன்ன பாக்கெட்டை ஆர்டர் செய்தது. இரண்டாவது, ஒரு தப்புக் கணக்கைத் திருத்திக்கொண்டது. கடையில் ஒரு சாதாரண டின்னில் ‘கொழுப்பு 4%’ என்றும், ஒரு உலர்தீனிப் பாக்கெட்டில் ‘10%’ என்றும் போட்டிருந்தது. டின்தான் நல்லது என்று நினைத்தேன். ஆனால் டின்னில் 80% தண்ணீர். மிச்சமுள்ள 20 பங்கில் 4 பங்கு கொழுப்பு என்றால் அது 20%. உலர்தீனியில் தண்ணீர் 10% மட்டுமே. 90 பங்கில் 10 என்றால் 11%தான். நீரைக் கழிக்காமல் இரண்டு லேபிளை ஒப்பிடக் கூடாது.

பாக்கெட் வந்தது. கருப்பன் மோந்து பார்த்துவிட்டு அப்பத்தாவைப் பார்த்தான். அப்பத்தா என்னைப் பார்த்தாள்.

6

அதன்பின் ஒரு வாரம் நான் ஊரிலேயே இருந்து வேலை பார்த்தேன். வீட்டுச் சாப்பாடே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டோம். கொஞ்ச நாளைக்குக் கொடுக்கலாம், அளவைத் தான் சொல்வதாகச் சொன்னார். குழைய வடித்த பச்சரிசிச் சோறு. தோல் உரித்த கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஆறவைத்து, மேலே படியும் கொழுப்பை வழித்து எறிந்துவிட்டுப் பிசைவது. கூடவே கொஞ்சம் வேகவைத்த பரங்கிக்காய். ஒரே வேளையாகப் போடாமல் நாலு வேளையாகப் பிரிப்பது. வெங்காயம், பூண்டு நாய்க்கு எப்போதுமே ஆகாது. எலும்பு கூடாது. மாதக்கணக்கில் இதையே போட்டால் சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின்களும் குறையும் என்பதால், மெல்ல அந்தப் பாக்கெட் தீனியைக் கலந்து மாற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

அப்பத்தாவுக்குச் சோறும் கறியும் புரிந்தது, நெய் இல்லாதது மட்டும் புரியவில்லை. நான் இல்லாத நேரத்தில் ஒரு சொட்டு விடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் வைத்து எடைக்கணக்குச் சொன்னேன். தோலுரித்த 100 கிராம் நெஞ்சுக்கறியில் கொழுப்பு 3 கிராம் அளவுதான், ஒரு டீஸ்பூன் நெய்யிலேயே கிட்டத்தட்ட 5 கிராம். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாளும் அவன் தட்டில் நெய் மினுங்கியது.

அன்றைக்கு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்குச் சின்ன வயதில் மஞ்சள்காமாலை வந்த கதை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தது, நாற்பது நாள் எண்ணெய் காட்டாதது, பக்கத்து வீட்டில் வடை சுட்டால்கூடக் கதவைச் சாத்தியது. “உங்கப்பன் ஒரு அப்பளத்துக்கு அழுவான். கல்லு மாதிரி உக்காந்துருந்தேன். குடுத்துருந்தா புள்ள போயிருப்பான்.”

“அதே பத்தியந்தான் அப்பத்தா இவனுக்கும்” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “பத்தியமா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? டயட்டு டயட்டுன்னா எனக்கென்ன தெரியும்?” என்றாள். பிறகு, “எத்தன நாளைக்கு?” என்று கேட்டாள்.

“இனிமே எப்பவுமேதான்.”

கருப்பனின் தலையில் கை வைத்து, “பாவி, ஆயுசுக்கும் பத்தியமாடா உனக்கு” என்றாள். மறுநாள் காலையில் நெய்ப் பானை பரண்மேல் ஏறியிருந்தது.

நான் தேடிப் படித்த வரலாறெல்லாம் அவளை அசைக்கவில்லை. அவள் வீட்டிலேயே இருந்த ஒரு சொல் அசைத்தது. மார்க் மாரிஸ் கண்ணாடி ஜாடியில் அடைத்து அனுப்பிய சாப்பாட்டுக்கு அப்பத்தா வைத்திருந்த பெயர் அதுதான். பிரியமாக இருக்கிற ஒருவருக்குப் பிடித்ததைக் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பதற்கும் அவளுக்கு அந்த ஒரு சொல்தான்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் கூப்பிடுகிறாள். கோழி வேகவைத்த சட்டியைச் சாய்த்து, கரண்டியால் வழித்து எடுத்த கொழுப்பைக் காட்டுகிறாள். “பாத்துக்க, பூராம் எடுத்தாச்சு.” பின்னால் கருப்பனின் வால் மட்டும் தெரியும். அதற்குள் அவனுக்குப் பொறுமை போயிருக்கும்.