தமிழ்நாடு பிரீமியர் லீக் பிளே-ஆஃப் சுற்று

தமிழ்நாடு பிரீமியர் லீக் பிளே-ஆஃப் சுற்று என்பது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் இருபது ஓவர் துடுப்பாட்டத் தொடரின் முடிவுக் கட்டம் ஆகும். எட்டு அணிகள் மோதும் லீக் கட்டத்தில் முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகள் இச்சுற்றில் ஆடுகின்றன. தொடர் தொடங்கிய 2016 இல் இரண்டு அரையிறுதி ஆட்டங்களும் ஓர் இறுதி ஆட்டமும் நடந்தன. 2017 முதல் நான்கு ஆட்டங்கள் கொண்ட தற்போதைய முறை பின்பற்றப்படுகிறது. எந்த அணி கோப்பையை வெல்லும் என்று முன்கூட்டியே கணிப்பது இரசிகர்களின் முக்கியப் பொழுதுபோக்கு ஆகும். இக்கணிப்புகள் பெரும்பாலும் தவறுவதற்கு இச்சுற்றின் அமைப்பே முதன்மைக் காரணம். இக்கட்டுரை அவ்வமைப்பையும், தென்காசி, குற்றாலம் உள்ளிட்ட பழைய திருநெல்வேலி வட்டாரத்தின் அணியான நெல்லை ராயல் கிங்ஸ் இச்சுற்றில் பெற்ற அனுபவத்தையும் விளக்குகிறது.

அமைப்பு முறை

பிளே-ஆஃப் சுற்றின் நான்கு ஆட்டங்கள் பின்வருமாறு நடைபெறும். பட்டியலின் முதல் இரு அணிகள் முதல் தகுதி ஆட்டத்தில் மோதும். அதில் வெல்லும் அணி நேரடியாக இறுதியாட்டம் செல்லும். மூன்றாம், நான்காம் இட அணிகள் எலிமினேட்டர் எனப்படும் வெளியேற்றும் ஆட்டத்தில் மோதும். தோற்ற அணி தொடரிலிருந்து விலகும். முதல் தகுதி ஆட்டத்தில் தோற்ற அணியும் எலிமினேட்டரில் வென்ற அணியும் இரண்டாம் தகுதி ஆட்டத்தில் சந்திக்கும். அதன் வெற்றியாளர் இறுதியாட்டத்தின் இரண்டாவது அணி ஆவார்.

இம்முறை தமிழ்நாட்டில் தோன்றியதன்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கால்பந்து லீக் 1931 இல் இதனை ஏற்றது. பெர்சி பேஜ் என்பவரின் பெயரால் இது பேஜ் முறை என்று அழைக்கப்படுகிறது. இந்தியன் பிரீமியர் லீக் 2011 இல் இதனைக் கைக்கொண்டது. பட்டியலில் மேலே இருப்பவருக்கு ஒரு தோல்வியைப் பொறுத்துக்கொள்ளும் சலுகை தருவதே இதன் நோக்கம்.

அச்சலுகையின் அளவை எளிய கணக்கால் அறியலாம். ஒவ்வோர் ஆட்டத்திலும் இரு அணிகளுக்கும் சம வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். முதல் இரு இட அணி ஒன்று முதல் தகுதி ஆட்டத்தையும் இறுதியாட்டத்தையும் வெல்ல நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதலில் தோற்று, பின்னர் இரண்டு ஆட்டங்களையும் வெல்ல எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இரண்டையும் கூட்டினால் 37.5 விழுக்காடு. மூன்றாம், நான்காம் இட அணியோ மூன்று ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்ல வேண்டும். அதற்கான வாய்ப்பு 12.5 விழுக்காடு மட்டுமே. ஆகவே இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையிலான வேறுபாடு மூன்று மடங்கு. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே வேறுபாடே இல்லை. லீக் கட்டத்தின் கடைசி வாரத்தில் அணிகள் இரண்டாம் இடத்துக்காகப் போராடுவதன் பொருள் இதுதான்.

எத்தனை வெற்றிகள் தேவை

எட்டு அணிகளும் தம்முள் ஒருமுறை மட்டும் மோதுவதால் ஓர் அணிக்கு ஏழு ஆட்டங்கள், மொத்தம் 28 ஆட்டங்கள். பிளே-ஆஃப் சுற்றையும் சேர்த்தால் 32. நான்கு வெற்றி பெற்றால் அடுத்த சுற்று உறுதி என்று கூறப்படுவது உண்டு. பல ஆண்டுகளில் அது போதுமானதாக இருந்தாலும் கணக்குப்படி அது உறுதியன்று. ஓர் அணி எல்லா ஆட்டங்களிலும் தோற்று, மற்ற ஏழு அணிகளும் தலா நான்கு வெற்றி பெறுவது கூட நடக்கக்கூடியதே. ஐந்து வெற்றியும் முழு உறுதி தராது. முதல் ஐந்து அணிகள் கடைசி மூன்று அணிகளையும் வீழ்த்தி, தமக்குள் தலா இரண்டு ஆட்டங்களை வென்றால் ஐவருக்கும் ஐந்து வெற்றி கிடைக்கும். அவர்களுள் ஒருவர் வெளியேறியாக வேண்டும். ஆறு வெற்றி பெற்ற அணி மட்டுமே அச்சமின்றி இருக்கலாம். ஐந்து அணிகள் தலா ஆறு வெற்றி பெற 30 ஆட்டங்கள் தேவை, இருப்பதோ 28 தான்.

புள்ளிகள் சமமானால் நிகர ஓட்ட விகிதம் பார்க்கப்படும். ஓர் அணி ஓவருக்குச் சராசரியாக எடுத்த ஓட்டங்களிலிருந்து, எதிரணிக்கு ஓவருக்குச் சராசரியாகக் கொடுத்த ஓட்டங்களைக் கழித்தால் இது கிடைக்கும். இதில் பலரும் கவனிக்கத் தவறும் விதி ஒன்று உண்டு. ஓர் அணி அனைத்து விக்கெட்டுகளையும் இழந்தால், அது ஆடிய ஓவர்களுக்குப் பதிலாக முழு 20 ஓவர்களும் கணக்கில் கொள்ளப்படும். ஏழே ஆட்டங்கள் கொண்ட தொடரில் ஒரு படுதோல்வியின் சுவடு இறுதிவரை அழியாது.

நெல்லை ராயல் கிங்ஸ்

இவ்வணி தொடக்கத்தில் விபி திருவள்ளூர் வீரன்ஸ் என்ற பெயரிலும், 2018 முதல் விபி காஞ்சி வீரன்ஸ் என்ற பெயரிலும் ஆடியது. 2021 தொடரில் நெல்லை ராயல் கிங்ஸ் என்ற பெயரில் களமிறங்கியது. 2016 இல் முதல் கோப்பையை வென்ற தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ் அணி அதே காலத்தில் சேலத்துக்குப் பெயர் மாறியது. ஆகவே தென்மாவட்டங்களின் கிழக்குப் பகுதி தன் அணியை இழந்த வேளையில் தாமிரபரணிக் கரைக்கு ஓர் அணி கிடைத்தது. தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டம் ஆனது. அதற்கெனத் தனி அணி இல்லை. நெல்லை என்னும் பெயர் பழைய மாவட்டம் முழுவதையும் குறித்து வந்ததால், மாவட்ட எல்லை மாறியும் அணியின் பெயர் தென்காசி மக்களுக்கு அயலாகவில்லை.

2022 இல் நெல்லை அணி லீக் கட்டத்தில் முதல் இரு இடங்களுக்குள் வந்தது. ஆயினும் முதல் தகுதி ஆட்டத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணியிடமும், இரண்டாம் தகுதி ஆட்டத்தில் லைக்கா கோவை கிங்ஸ் அணியிடமும் தோற்றது. மேலே விளக்கிய சலுகை கையில் இருந்தும் பயன்படவில்லை.

2023 தொடர் இதற்கு நேர்மாறானது. அவ்வாண்டு லீக் கட்டத்தில் கோவை அணி ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றது. அந்தத் தோல்வியைத் தந்தது நெல்லை. ஜி. அஜிதேஷ் 112 ஓட்டங்கள் குவித்த அந்த ஆட்டம் கடைசிப் பந்தில் முடிந்தது. லீக் கட்ட முடிவில் நெல்லைக்கு மூன்றாம் இடம். ஜூலை 8 அன்று சேலத்தில் நடந்த எலிமினேட்டரில் மதுரை பாந்தர்ஸ் அணியை 4 ஓட்டங்களில் வென்று தப்பியது.

ஜூலை 10 அன்று திருநெல்வேலி சங்கர் நகரில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு எதிரான இரண்டாம் தகுதி ஆட்டம் இத்தொடரின் வரலாற்றில் தனி இடம் பெற்றது. வெற்றி இலக்கு 186. கடைசி இரண்டு ஓவர்களில் 37 ஓட்டங்கள் தேவைப்பட்டன. 19 ஆவது ஓவரில் மட்டும் ரித்திக் ஈஸ்வரனும் அஜிதேசும் 33 ஓட்டங்கள் எடுத்தனர். ஈஸ்வரன் 11 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 39 ஓட்டங்களும், அஜிதேஷ் ஆட்டமிழக்காமல் 73 ஓட்டங்களும் சேர்த்தனர். 18 ஆவது ஓவர் முடிவில் எந்தக் கணிப்பாளரும் நெல்லையின் பக்கம் நின்றிருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 12 அன்று, அதே மைதானத்தில் இறுதியாட்டம். சொந்த மண், சொந்த மக்கள், லீக்கில் ஏற்கனவே வீழ்த்திய எதிரணி. சாதகமானவை எல்லாம் நெல்லையின் பக்கமே இருந்தன. கோவை 205 ஓட்டங்கள் எடுத்தது. நெல்லை 101 ஓட்டங்களில் சுருண்டு 104 ஓட்ட வேறுபாட்டில் தோற்றது. இது லீக் ஆட்டமாக இருந்திருந்தால், மேற்சொன்ன விதிப்படி ஓவருக்கு 5.05 க்கு எதிராக 10.25, அதாவது ஓர் ஆட்டத்தில் மட்டும் −5.20 என்று பதிவாகியிருக்கும். அவ்வாண்டு தொடரில் அதிக ஓட்டங்கள் எடுத்தவர் அஜிதேஷ் என்பது இரசிகர்களுக்குக் கிடைத்த ஆறுதல். 2024, 2025 ஆகிய இரு தொடர்களிலும் நெல்லை பிளே-ஆஃப் சுற்றை எட்டவில்லை.

கணிப்புகள் தவறும் காரணம்

பட்டியலின் முதல் இரு அணிகளே இறுதியில் மோதும் என்பதே மிகப் பொதுவான கணிப்பு. 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டுகளிலும் இக்கணிப்பு பொய்த்தது. 2022 இல் கோவை, 2023 இல் நெல்லை, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் திண்டுக்கல் என ஒவ்வொரு முறையும் எலிமினேட்டர் வழியாக வந்த அணி ஒன்று இறுதியாட்டத்தை அடைந்தது. சம வாய்ப்புக் கணக்கின்படி இப்படித் தொடர்ந்து நான்கு முறை நிகழ்வதற்குப் பதினாறில் ஒரு பங்கு வாய்ப்பே உள்ளது. தோற்று வரும் அணியின் மனச்சோர்வும் வென்று வரும் அணியின் உற்சாகமும் இதற்குக் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. நான்கு நிகழ்வுகளை வைத்து அப்படி ஒரு விதியை நிறுவ இயலாது. 2021 இல் முதல் தகுதி ஆட்டத்தில் திருச்சியிடம் தோற்ற சேப்பாக் அணியே பின்னர் அதே திருச்சியை இறுதியில் 8 ஓட்டங்களில் வென்று கோப்பையைப் பெற்றது.

2025 தொடர் கணிப்பாளர்களுக்கு இன்னும் கடுமையாக அமைந்தது. சேப்பாக் அணி லீக் கட்டத்தின் ஏழு ஆட்டங்களையும் வென்றது. பின்னர் முதல் தகுதி ஆட்டத்தில் திருப்பூர் தமிழன்ஸ் அணியிடமும், இரண்டாவதில் திண்டுக்கல்லிடமும் தோற்று வெளியேறியது. இறுதியில் திருப்பூர் 118 ஓட்டங்களில் திண்டுக்கல்லை வீழ்த்தித் தன் முதல் கோப்பையை வென்றது.

வேறொரு விளையாட்டோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கித் தொடரான தேசிய ஹாக்கி லீக்கில் 16 அணிகள் ஸ்டான்லி கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றில் நுழைகின்றன. அங்கு ஒவ்வொரு மோதலும் ஏழு ஆட்டங்கள் வரை நீளும். நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவர் அடுத்த சுற்றுக்குச் செல்வார். ஓர் ஆட்டத்தில் 60 விழுக்காடு வெற்றி வாய்ப்புள்ள அணிக்கு ஏழு ஆட்ட மோதலில் அது ஏறத்தாழ 71 விழுக்காடாக உயர்கிறது. நீண்ட மோதல் வலிமையான அணிக்குத் துணை செய்கிறது. அப்படியிருந்தும் 2023 இல் லீக் கட்டத்தில் 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் பெற்றுச் சாதனை படைத்த பாஸ்டன் புரூயின்ஸ் முதல் சுற்றிலேயே புளோரிடா பாந்தர்ஸ் அணியிடம் தோற்றது. ஈழத்தமிழர் பெருந்தொகையினராக வாழும் டொரான்டோ நகரின் மேப்பிள் லீஃப்ஸ் அணி 1967 க்குப் பின் கோப்பையை வெல்லவில்லை. ஏழு ஆட்டங்கள் தந்தும் இத்தகைய முடிவுகள் வரும்போது, ஒரே மாலையில் தீரும் இருபது ஓவர் ஆட்டத்தைக் கணிப்பவரைக் குறை கூற முடியாது.

குற்றாலப் பருவமும் ஆட்டப் பருவமும்

2022 முதல் இத்தொடர் ஜூன் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரையிலான காலத்துக்குள் நடைபெற்று வருகிறது. குற்றாலத்தில் சீசன் எனப்படும் அருவிப் பருவமும் இதுவே. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து தென்காசி, குற்றாலம் பகுதிகளில் சாரலைப் பொழிகிறது. தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக ஏறத்தாழ 55 கி.மீ. கிழக்கே உள்ள திருநெல்வேலி மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. ஆகவே ஐந்தருவியில் நீர் பெருக்கெடுக்கும் நாளில் சங்கர் நகரில் ஆட்டம் தடையின்றி நடப்பது வியப்பன்று. மழை வராவிட்டாலும் காற்று வருகிறது. கயத்தாறு பகுதியில் காற்றாலைகள் நிறைந்திருப்பது இக்காற்றினால்தான். காற்றோடு அடிப்பவருக்கும் எதிர்த்து அடிப்பவருக்கும் ஆறு ஓட்டத்தின் தொலைவு ஒன்றல்ல என்பதைக் கணிப்பாளர்கள் நினைவிற் கொள்வது நன்று.

சங்கர் நகர் மைதானம் தாழையூத்தில் உள்ளது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 1949 இல் தன் முதல் ஆலையை இங்குதான் இயக்கத் தொடங்கியது. 2016 இல் தொடர் தொடங்கியபோதே இம்மைதானம் ஆட்டக்களங்களுள் ஒன்றாக இருந்தது. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் உள்ள கோயம்புத்தூருக்குத் திருநெல்வேலியின் நற்பேறு வாய்க்கவில்லை. 2022 ஜூலை 31 அன்று அங்கு நடந்த இறுதியாட்டம் மழையால் முடிவின்றிப் போக, கோவைக்கும் சேப்பாக்குக்கும் கோப்பை பகிர்ந்தளிக்கப்பட்டது. அதனை எவரும் கணித்ததாகத் தெரியவில்லை.

கணிப்பும் சூதாட்டமும்

நண்பர்களிடையே தேநீருக்குப் பந்தயம் கட்டுவது வேறு. பணம் வைத்துக் கணிப்பது வேறு. 2019 தொடருக்குப் பின் சில வீரர்களை அடையாளம் தெரியாதோர் அணுகியதாக எழுந்த தகவல்களை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் நடுவண் அரசின் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இதையடுத்து, வீரர்களைத் தேர்ந்து கற்பனை அணி அமைக்கும் செயலிகளை நடத்திய பெரிய நிறுவனங்கள் தம் பணப்போட்டிகளை நிறுத்திக்கொண்டன. பணமின்றிக் கணிப்பதற்கு இச்சட்டங்களில் தடை இல்லை.