பாத்திரம் கழுவும் பெட்டி: சிங்கப்பூருக்கு அது வந்த வழியும் அதன் கோளாறுகளும்



இராச்சாப்பாடு முடிந்ததும் நமது லயங்களில் என்ன நடக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகல் முழுவதும் கொழுந்து பறித்த கைகள் சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு பீலிக்கரைக்குப் போகும். ஒரு பிடி அடுப்புச் சாம்பல், கொஞ்சம் தேங்காய்த் தும்பு, ஓடுகிற தண்ணீர். இவ்வளவுதான் கருவிகள். இந்த வேலையைத் தானே செய்யும் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

நமக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சிங்கப்பூர் அரசு 1978ஆம் ஆண்டில் வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்களை அனுமதிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அந்தப் பெண்கள் வந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. நமது தோட்டங்களிலிருந்தும் பெண் பிள்ளைகள் அங்கே போயிருக்கிறார்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையும் போனாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து தொலைபேசி வந்தது.

"டீச்சர், நான் மிசினை உடைச்சிட்டேனாம். சம்பளத்துல கழிப்போம், இல்லாட்டி ஊருக்கு அனுப்பிருவோம்னு சொல்றாங்க. நான் ஒண்ணுமே செய்யலை, டீச்சர்."

பெட்டியின் அடியில் தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்கிறதாம். நான் அதுவரை அந்த இயந்திரத்தைக் கண்ணால் கண்டதில்லை. "மகள், ஒரு நாள் பொறு, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நகரத்தில் உள்ள ஒரு மின்திருத்துநரிடம் கேட்டேன். புத்தகங்களையும் தேடினேன். கோளாறைத் தேடப் போனவளுக்கு ஒரு வரலாறே கிடைத்தது.

முதலில் நமது சாம்பலிலிருந்து தொடங்குவோம். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று என்னும் காரப் பொருள் இருக்கிறது. அது நீரில் கரைந்து எண்ணெயுடன் சேரும்போது, எண்ணெயில் ஒரு சிறு பகுதி சவர்க்காரமாகவே மாறிவிடுகிறது. அதனால்தான் பிசுக்கு போகிறது. நம் பாட்டிமார் இரசாயனம் படிக்காமலே இரசாயனம் செய்தார்கள். இன்று இயந்திரத்தில் போடும் தூளிலும் பெரும்பாலும் இருப்பது இதன் உறவுப் பொருளான சோடியம் காபனேற்று, அதாவது சலவைச் சோடாதான். ஆகவே தண்ணீர், சூடு, காரம், தேய்க்கும் விசை, அழுக்கு நீர் போக ஒரு வழி ஆகிய ஐந்தும் பீலிக்கரைக்கும் வேண்டும், இயந்திரத்துக்கும் வேண்டும். பீலிக்கரையில் சூட்டின் குறையைக் கை தீர்த்துவிடும். பெட்டிக்குள் கை இல்லை. எனவே இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அது படுத்துக்கொள்ளும்.

இதை வேலை செய்யும்படி ஆக்கிக் காட்டியவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தின் ஷெல்பிவில் என்ற ஊரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன். அவருக்கு முன்பே, 1850இல், ஜோயல் ஹௌட்டன் என்பவர் கையால் சுழற்றும் மரப் பொறி ஒன்றுக்கு உரிமைப் பட்டயம் பெற்றிருந்தார். ஆனால் அது தண்ணீரைத் தெளித்ததே தவிர ஒழுங்காகக் கழுவவில்லை. காக்ரேன் அம்மையாரின் கணவர் 1883இல் கடனை விட்டுவிட்டு இறந்துபோனார். அம்மையார் அசரவில்லை. ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளியின் உதவியோடு கொட்டகையில் வேலை செய்தார். தட்டுகளின் அளவுக்குக் கம்பித் தட்டிகள் வளைத்து, அவற்றில் தட்டுகளை நிறுத்தி, சூடான சவர்க்கார நீரை விசையுடன் பாய்ச்சினார். 1886 டிசம்பர் 28ஆம் திகதி உரிமைப் பட்டயம் கிடைத்தது. தேய்ப்பதற்குத் தூரிகை எதுவும் இல்லை. தண்ணீரின் விசையே தேய்க்கும் கை. இன்றைய பெட்டியும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது.

1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் உணவுக்கூடங்களில் இவரது இயந்திரங்கள் வேலை செய்தன, பரிசும் பெற்றன. ஹோட்டல்கள் வாங்கின. வீடுகள் வாங்கவில்லை. அக்காலத்து வீடுகளில் அவ்வளவு வெந்நீர் இல்லை. பல ஊர்களின் தண்ணீரில் சுண்ணாம்பு மிகுந்திருந்ததால் சவர்க்காரம் சரியாகக் கரையவும் இல்லை. அம்மையார் 1913இல் காலமானார். அவரது நிறுவனத்தை 1926இல் ஹோபார்ட் நிறுவனம் வாங்கியது. வீட்டுக்கான இயந்திரம் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். இயந்திரம் கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் போதாது, அதற்கேற்ற தண்ணீரும் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

சிங்கப்பூரில் தண்ணீர் வந்த கதையைப் பாருங்கள். அந்நகரின் சீனர் பகுதிக்கு மலாய் மொழியில் கிரேத்தா ஆயர் என்று பெயர். தண்ணீர் வண்டி என்பது பொருள். மாட்டு வண்டிகளில் குடிநீர் கொண்டுபோய் விற்ற காலத்தின் நினைவு அது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த சிராங்கூன் சாலைப் பக்கத்துக்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப் பட்டி என்று பெயர். ரோச்சோர் ஆற்றங்கரையில் நீரும் புல்லும் இருந்ததால் அங்கே மாட்டு வாணிபம் செழித்தது. இன்று குட்டி இந்தியா என்று உலகம் அறிந்த இடம் இதுவே. டோபி காட் என்ற இடமோ இந்தியச் சலவைத் தொழிலாளர் ஓடையில் துணி துவைத்த துறை. ஊர்ப் பெயர்களில் எங்கு பார்த்தாலும் தண்ணீரும், தண்ணீரோடு பாடுபட்ட மனிதர்களும்தான்.

1857இல் தான் கிம் செங் என்ற சீன வணிகர் நகருக்குக் குடிநீர் கொண்டுவர 13,000 வெள்ளி கொடுக்க முன்வந்தார். 1868இல் ஒரு நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது. அதுவே இன்று மெக்ரிச்சி நீர்த்தேக்கம் எனப்படுகிறது. ஆனால் தண்ணீரை நகருக்குள் ஏற்றும் இயந்திரங்களும் குழாய்களும் சரியாக அமைய மேலும் பத்து ஆண்டுகள் போயின. அந்த வணிகருக்கு நன்றியாக 1882இல் ஒரு நீரூற்றுக் கட்டினார்கள். அதன் பிறகும் ஏழைகளின் வீட்டுக்குள் குழாய் வந்துவிடவில்லை. தெருக்குழாயில் மண்ணெண்ணெய்த் தகரத்தோடு வரிசையில் நின்றார்கள். 1963இல் மழை பொய்த்தபோது தண்ணீருக்குப் பங்கீடே வைக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் பாத்திரம் கழுவியது யார்? வசதி படைத்த வீடுகளில் 1930களிலிருந்து தென்சீனாவின் குவாங்டோங் பகுதியிலிருந்து வந்த பெண்கள் கழுவினார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்த அவர்களை 'ஆமா' என்று அழைத்தார்கள். மணமே வேண்டாம் என்று சபதம் செய்துகொண்டு வந்தவர்கள் அவர்களில் பலர். தெருவிலோ, தள்ளுவண்டி உணவுக்காரர் இரண்டு வாளித் தண்ணீரில் நாள் முழுவதும் கிண்ணங்களை முக்கி எடுத்தார்கள். முதல் வாளி குழம்பாகவும் இரண்டாம் வாளி இரசமாகவும் மாறியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு! கழுவிய அழுக்கு வடிகாலில் விழுந்து ஆற்றை அடைந்தது. 1971 முதல் 1986 வரை அரசு உணவங்காடிகளைக் கட்டி, குழாயும் வடிகாலும் போட்டுத் தெரு வியாபாரிகளை அங்கே குடியேற்றியது. தேக்கா சந்தையின் புதிய கட்டடம் 1982இல் எழுந்தது. 1977இல் தொடங்கிய ஆற்றுத் துப்புரவு 1987இல் முடிந்தது. வாழையிலையில் பரிமாறிய நம்மவர்கள் மட்டும் தட்டுக் கழுவும் கவலையே இல்லாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

அடுக்குமாடி வீடுகளில் குழாயும் மின்சாரமும் கழிவுக் குழாயும் வந்து சேர்ந்த பிறகே, பெட்டிக்கு வீட்டுக்குள் இடம் கிடைத்தது. 2018இல் இந்த இயந்திரங்களுக்கும் நீர்ச்சிக்கன முத்திரை கட்டாயமாயிற்று. இப்போதைய பெட்டி ஒரு கழுவலுக்கு ஏறக்குறைய 10 முதல் 15 லீற்றர் நீரே எடுக்கிறது. அதையே மறுபடி மறுபடி வடிகட்டித் தெளிக்கிறது.

நமது பிள்ளையின் துன்பத்துக்குக் காரணம் இந்த வடிகட்டிதான். பெட்டியின் அடியில் குவளை போன்ற ஒரு வலை உண்டு. அதைத் திருகினால் கையோடு வந்துவிடும். ஐரோப்பாவில் செய்த பெட்டி உருளைக்கிழங்குத் துணுக்கையும் ரொட்டித் தூளையும் எதிர்பார்க்கிறது. அதற்குக் கிடைத்ததோ நம் சமையல். "மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பிறகு கையை வை" என்று அவளுக்குச் சொன்னேன். தேங்கிய நீரைக் கோப்பையால் மொண்டு ஊற்றிவிட்டு வலையைக் கழற்றினாள். கறிவேப்பிலை ஈர்க்கு, கடுகு, தேசிக்காய் விதை, ஒரு முருங்கைக்காய்ச் சக்கை! பழைய பல்தூரிகையால் தேய்த்து மாட்டினாள். தண்ணீர் வடிந்தது. உடைந்தது எதுவும் இல்லை. இத்தனை நாளும் அந்த வலையை யாரும் கழற்றிப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

வலை சுத்தமாக இருந்தும் நீர் வடியாவிட்டால், பின்னால் போகும் கழிவுக் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுவு தொட்டியின் வடிகாலும் அடைத்திருக்கலாம். தண்ணீரே உள்ளே வராவிட்டால் சுவரில் உள்ள குழாய்த் திருகு மூடியிருக்கும். சிரிக்காதீர்கள், திருத்துநர்கள் அடிக்கடி காண்பது இதைத்தான்.

தட்டில் சோறு ஒட்டியபடியே வந்தால் சுழலும் தெளிப்புக் கையைக் கவனியுங்கள். அதன் சிறு துளைகளில் கடுகு போய் உட்கார்ந்துகொள்ளும். குச்சியால் எடுத்துவிடலாம். உயரமான கரண்டி ஒன்று அந்தக் கை சுழல்வதைத் தடுத்தாலும் இதே நிலைதான். கதவைப் பூட்டுமுன் விரலால் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு தவறு மிகவும் பொதுவானது. தூள் தீர்ந்துபோனால், கையால் கழுவும் சவர்க்காரத் திரவத்தை ஊற்றிவிடுகிறார்கள். அதன் நுரை பெட்டிக்குள் பொங்கிக் கதவிடுக்கு வழியே வழியும். நீர் பம்பி நுரையைத் தள்ள முடியாமல் நின்றுவிடும். இயந்திரத் தூள் நுரைக்காதபடி செய்யப்பட்டது. இரண்டையும் மாற்றக்கூடாது. அதேபோல் அலுமினியச் சட்டியை உள்ளே வைத்தால் காரம் அதைக் கறுக்கச் செய்யும். இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும். மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் டப்பா எத்தனை முறை கழுவினாலும் மஞ்சளாகவே இருக்கும். இவற்றுக்கு இயந்திரத்தையும் குறை சொல்லாதீர்கள், வேலைக்கு நிற்கும் பெண்ணையும் குறை சொல்லாதீர்கள். பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்தாலோ, தொட்டால் மின்சாரம் சுரீரென்றாலோ நாமாக எதையும் திறக்கக்கூடாது. அது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை.

வலை விவகாரம் முடிந்த இரண்டாவது வாரம் அந்தப் பிள்ளை மறுபடி பேசினாள். இம்முறை கண்ணாடித் தம்ளர்கள் வெண்மையாகப் புகை படிந்தது போல் ஆகிவிட்டனவாம். "வினாகிரியில் ஊறவைத்துப் பார்" என்றேன். சுண்ணாம்புப் படிவானால் கரைந்துவிடும். கரையவில்லை. அப்படியென்றால் கண்ணாடியின் மேற்பரப்பையே காரம் அரித்திருக்கிறது என்று பொருள். மழைநீரைத் தேக்கி வழங்கும் சிங்கப்பூர் போன்ற நகரில் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. சுண்ணாம்பு மிகுந்த ஐரோப்பிய நகரங்களுக்காகச் சொல்லப்பட்ட அளவுத் தூளை அந்த வீட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி போதும் என்றேன். அரித்த தம்ளர் திரும்பி வராது, மற்றவை பிழைக்கும்.

"சரி டீச்சர், இதை நானே அம்மாகிட்ட சொல்றேன்" என்றாள். அம்மா என்றது அந்த வீட்டுக்காரரை. முதல் தடவை பேசியபோது அழுத குரல் அது. இம்முறை அழவில்லை. வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கை மட்டும் அந்தப் பெட்டிக்குள் வைக்க வேண்டாமென்று தானே அவர்களுக்குச் சொல்லிவிட்டாளாம். அதைப் புளி போட்டுக் கையால்தான் துலக்குகிறாளாம்.