உள்ளங்கையை ஏன் விரிக்க வேண்டும்? டேபிள் டென்னிஸ் சர்வீஸின் கதை



போன வாரம் பேத்தியை டேபிள் டென்னிஸ் பயிற்சியில் சேர்த்துவிட்டேன். முதல் நாளே சர்வீஸ் போடக் கற்றுக்கொடுத்தார்கள். உள்ளங்கையை விரித்து, பந்தை அதன்மேல் வைத்து, நேராக மேலே தூக்கிப் போட்டு, இறங்கும்போது அடிக்க வேண்டும். பந்து முதலில் நம் பக்கம் பட்டு, வலையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் விழ வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் அவள் கேட்டாள்: "ஏன் தாத்தா, பந்தை விரலால பிடிச்சுப் போட்டா என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இதையே கேட்டான். உடற்கல்வி ஆசிரியர் மாறுதலாகிப் போனதால், வரலாறு நடத்திய என்னிடம் விளையாட்டுப் பொறுப்பையும் கொடுத்திருந்தார்கள். போட்டிக்குப் போன இடத்தில், பந்தை விரல்களால் பிடித்து சர்வீஸ் போடுகிறான் என்று நடுவர் அவனுக்குப் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே வந்தார். தோற்றுவிட்டான். "பந்து சரியாத்தானே சார் விழுந்துச்சு? எப்படிப் பிடிச்சா என்ன?" என்றான். "ரூல் அதுதான்டா, வாதாடாதே" என்று அடக்கிவிட்டேன். பிறகு அவன் மட்டையைத் தொடவே இல்லை.

அன்று எனக்கே பதில் தெரியாது. பிறகு தேடிப் படித்ததைத்தான் பேத்தியிடம் சொன்னேன்.

இந்த ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில், இரவு உணவுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையிலேயே பொழுதுபோக்காக ஆடப்பட்டது. 1900-ஐ ஒட்டி எடை குறைந்த செல்லுலாய்டு பந்து வந்ததும் வேகம் பிடித்தது. 1926-இல் சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. அதே ஆண்டு டிசம்பரில் லண்டனில் நடந்த முதல் உலகப் போட்டியில் இந்தியாவும் ஆடியது.

1930-களில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஒரு வித்தையைக் கொண்டுவந்தார்கள். சர்வீஸ் போடும்போதே பந்தை விரல்களால் முறுக்கிவிட்டு அடிப்பார்கள். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. 1937-இல் ஆஸ்திரியாவின் பாடன் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஆண்கள், பெண்கள் குழுக் கோப்பைகள் இரண்டும் அமெரிக்காவுக்கே போயின. அதன்பின் விரல் முறுக்குக்குத் தடை வந்தது. பந்து திறந்த, தட்டையான உள்ளங்கையில் இருக்க வேண்டும் என்ற விதியின் வேர் இதுதான். கையை விரித்துக் காட்டுவது, "நான் பந்தை முறுக்கவில்லை, நீயே பார்" என்று சொல்வது போல.

பந்து குறைந்தது 16 செ.மீ. மேலே எழ வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. அது எழுந்து இறங்கும் நேரம், எதிராளியின் கண்ணுக்குக் கொடுக்கும் நேரம். ஆனாலும் மனிதன் வழி கண்டுபிடித்தான். பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மட்டை படும் இடத்தைத் தன் கையாலோ உடம்பாலோ மறைத்தான். 2002-இல் அதையும் தடுத்தார்கள். இப்போது பந்தைத் தூக்கிப் போட்டதும் அந்தக் கையை விலக்கிவிட வேண்டும்.

மட்டையிலும் இதே கதைதான். 1952-இல் உலகப் போட்டி நம் பம்பாயில் நடந்தது. ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி அது. ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையுடன் வந்தார். அதுவரை எல்லோரும் ரப்பர் மட்டையின் 'டொக்' சத்தத்தைக் கேட்டு அடியின் வேகத்தைக் கணித்துப் பழகியவர்கள். சாத்தோவின் மட்டையில் சத்தமே இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் தடுமாறினார்கள், அவர் சாம்பியன் ஆனார். அவர் செய்தது விதிமீறல் அல்ல, அன்று அதற்கு விதியே இல்லை. 1959-இல்தான் வெறும் ஸ்பாஞ்ச் மட்டையைத் தடை செய்து, மேலே ரப்பர் இருக்க வேண்டும், மொத்தத் தடிமன் 4 மி.மீ.க்கு மிகக்கூடாது என்று வரையறுத்தார்கள்.

பின்னர் சிலர் மட்டையின் இரு பக்கமும் ஒரே நிறத்தில், ஆனால் வெவ்வேறு குணமுள்ள ரப்பரை ஒட்டினார்கள். ஆட்டத்தின் நடுவே மட்டையைத் திருப்பினால் எந்தப் பக்கத்தால் அடித்தார் என்று தெரியாது. அதனால் 1986-இல் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு என்றாக்கினார்கள். 2021 முதல் சிவப்புக்குப் பதில் வேறு சில நிறங்களும் உண்டு, கறுப்பு மட்டும் கட்டாயம். ஆட்டம் தொடங்குமுன் நம் மட்டையை எதிராளியிடம் காட்ட வேண்டும் என்பதும் விதி.

இத்தனை விதிகளும் சொல்வது ஒன்றைத்தான். ஜெயிக்கப் பார், ஆனால் எதிராளிக்குப் பார்க்கும் வாய்ப்பைக் கொடுத்துவிட்டு ஜெயி. பேத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கையை விரிக்கிறது அவங்களுக்காகவா தாத்தா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அந்தப் பையனுக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லியிருக்கலாம். வரலாறு நடத்தியவன், ஒரு விதிக்கும் வரலாறு இருக்கும் என்று யோசிக்கவில்லை. அவன் இந்தப் பதிவைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும்: தம்பி, உன் கேள்வி நல்ல கேள்வி. பதில் தெரியாதவன் நான்தான்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். தெரியாவிட்டால் "தேடிச் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.